பூவுக்கு ரசமட்டம் வைத்த கதை

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். தேஹு ரோடு ராணுவத் தளவாட டிப்போவில் முப்பத்து நாலு வருஷம் பெட்டிகளைப் பரிசோதித்து ரிட்டையர் ஆனவன். ஒரு பெட்டி அரை மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் போதும், என் இடது காது அரிக்கும். ஒருமுறை லீவில் வீட்டில் படுத்திருந்தபோது காது அரித்தது. போன் போட்டுச் சொன்னேன், ஒரு வேகன் சரக்கையே திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட காது குடியிருக்கும் வீட்டில்தான் என் மனைவி விசாலம் கோணலாகப் பூ வைக்கக் கற்றுக்கொண்டாள்.

காரணம் இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் வருஷா வருஷம் கணபதி வைப்பார்கள். வாசலில் பூ அலங்காரம் யார் செய்வது என்பதைப் பெண்கள் குழுத் தலைவி வைஷாலி தீர்மானிப்பாள். பதினோரு வருஷமாக விசாலம் கேட்கிறாள். பதினோரு வருஷமாக வைஷாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "காக்கூ, தும்ஹி ஹார் கரா நா! கித்தி சுந்தர் கர்தா!" என்பாள். மராட்டியில் அதாவது, மாமி, நீங்க மாலை கட்டுங்க, எவ்வளவு அழகா கட்டறீங்க! தமிழச்சி என்றால் கையில் நாரோடு பிறந்தவள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள, விசாலம் மூன்று கிலோ சாமந்தியோடு வாட்ச்மேன் அறைப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. "போட்டி வைங்க. ஜெயிச்சவங்க வாசல்ல வைக்கட்டும்" என்றாள். வைஷாலியும் ஒத்துக்கொண்டு, பூ அலங்கார வகுப்பு நடத்தும் மும்தாஜ் என்ற அம்மாளை நடுவராகக் கூப்பிட்டுவிட்டாள்.

விசாலம் மூன்று மாதம் மொபைலில் வீடியோ பார்த்துப் பழகினாள். பூவை வீணாக்க மனசில்லாமல் காய்கறியில் பழகினாள். டம்ளரில் இடப்பக்கம் நெட்டையாக ஒரு முருங்கைக்காய், வலப்பக்கம் குட்டையாக இரண்டு வெண்டை, அடியில் ஒரு கத்தரிக்காய். பிறகு அதுவே சாம்பார். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுச் சாம்பார் தட்டில் இடப்பக்கமாகவே ஓடியது.

"இன்னா விசாலம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சா இன்னா? கடவுளே ரெண்டு கண்ணு, ரெண்டு காதுன்னு வச்சிருக்காரு."

"மூக்கு ஒண்ணுதானே வச்சாரு."

"அதையும் நடுவுலதானே வச்சாரு!"

"ஒரு கையில தண்ணி பக்கெட்டத் தூக்கினா, இன்னொரு கையை எட்ட நீட்டிக்கிறோம். விழுந்துட்டமா? அதான் இது. உயரம் ஒரு பக்கம், கனம் ஒரு பக்கம். உங்களுக்குப் புரியாது, விடுங்க."

போட்டி நாள் காலையில் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்து, ஊறவைத்த ஸ்பாஞ்சில் ஒவ்வொன்றாகச் செருகினாள். இடப்பக்கம் மூன்றடி உயரத்துக்கு ஒரு கிளாடியோலஸ் பூத்தண்டு. அதன் காலடியில், நடுவை விட்டுத் தள்ளி, மூன்று சிவப்பு ஜெர்பெரா. வலப்பக்கம் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் படுத்துக்கொண்டு ஒரு சம்பங்கி. அதற்கு மேலே வெறும் காற்று.

"தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் தொடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். காது அரித்தது. சொறிந்துகொண்டேன். அரிப்பு கழுத்துக்கு இறங்கியது. மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்? கிளாடியோலஸைப் பாதியில் வெட்டி, நுனியை வலப்பக்கம் நட்டேன். ஜெர்பெராவில் ஒன்றை நட்ட நடுவிலும் மற்ற இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாகவும் வைத்தேன். பூக்களின் தலையில் ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்தி, அதன் மேல் என் பழைய ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. ஒரு ஜெர்பெரா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை இந்தக் காதாலேயே கேட்டேன்.

விசாலம் ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

"யாருங்க செத்தது?"

"இன்னா?"

"மலர்வளையம் வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன்."

அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பதினோரு வருஷங்க" என்றாள். நான் ரசமட்டத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

போட்டிக்கு இருந்தது இருபத்தைந்து நிமிஷம். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. உயரத்துக்கு வேறு ஒன்று வேண்டும். அவள் கண் பால்கனிப் பக்கம் போனது.

அங்கே என் இரண்டு பாக்குப்பனைத் தொட்டிகள். இரண்டிலும் தலைக்குப் பதினாலு ஓலை. ஒன்று முந்திக்கொண்டு துளிர் விட்டால், மற்றதன் பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் துளிர்க்கும்வரை பேசுவேன்.

"அது வேணாம் விசாலம்."

"உங்களை நான் கேக்கல."

கத்திரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அவள் பிடுங்கிக்கொண்டாள். இடது தொட்டியிலிருந்து மூன்று ஓலை போயிற்று. மூன்றையும் ஒன்றைவிட ஒன்று குட்டையாக இடப்பக்கம் வளைத்துச் செருகினாள். நான் வெட்டிய கிளாடியோலஸ் துண்டுகளை வலப்பக்கம் கீழே தொங்கவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே தூக்கிக்கொண்டு கிளப் ஹவுசுக்கு நடந்தாள்.

மேஜையில் பத்து அலங்காரம். ஒன்பது லட்டு மாதிரி உருண்டை. எனக்கு ஒன்பதும் பிடித்திருந்தது. மும்தாஜ் அம்மாள் விசாலத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"எல்லாரும் ஓலையைப் பூவுக்குத் துணைக்கு வைப்பாங்க. நீங்க முன்னாடி நடக்க விட்டிருக்கீங்க. எப்படித் தோணிச்சு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

விசாலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வீட்ல ஒருத்தர் உதவி பண்ணாரு."

நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன்.

முதல் பரிசு அறிவித்ததும் வைஷாலி கை தட்டினாள். தட்டி முடிக்கும் முன்பே கவலையும் வந்துவிட்டது. "காக்கூ, வாசல் உங்களுக்குத்தான். ஆனா மாலை யார் கட்டுவாங்க?"

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்றாள் விசாலம், சுத்தமான மராட்டியில். "ரெண்டு பக்கமும் பூவை எண்ணி, அளந்து, ஒரே சமமாக் கட்டுவாரு. அவருக்கு அதுதான் இஷ்டம்."

ஆகவே கணபதி வந்த அன்று நான் மூன்று கிலோ சாமந்தியோடு வாட்ச்மேன் அறைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பூ. வாசலில் விசாலத்தின் கோணல் பூவோடு சொசைட்டியே போட்டோ எடுத்துக்கொண்டது. மாலையைச் சாத்தப் போனபோதுதான் பிள்ளையாரைக் கிட்டத்தில் பார்த்தேன். தும்பிக்கை இடப்பக்கம் வளைந்திருந்தது. தந்தம் ஒரு பக்கம் முழுசு, மறுபக்கம் பாதி.

விசாலம் பக்கத்திலேயே நின்றாள். நான் காதை மட்டும் சொறிந்துகொண்டேன்.