கியூடெக்ஸ் கோடு

கல்யாண மண்டபத்துக்கு லொறியில்தான் போவேன் என்று என் மகள் ரொஷேல் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தது சம்பந்தி வீடு. வெள்ளவத்தையிலிருந்து நாகேந்திரம் ஐயா போன் எடுத்தார்.

"கார் ஒண்டு நாங்களே அனுப்புறம். பிள்ளையை லொறியில ஏத்தாதேங்கோ. ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவருடைய மகன் தேனுஜன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினார். நாங்கள் கொட்டாஞ்சேனை வேதக்காரர், அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். முதலில் அவர்கள் முறைப்படி வெள்ளவத்தையில், அடுத்த சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தில் என்று பேசி முடிப்பதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. முகூர்த்தம் பதினொரு மணிக்குள். அது தவறினால் அன்றைக்கு வேறு நல்ல நேரம் இல்லை என்று ஐயா மூன்று தரம் சொல்லிவிட்டார். நான் காது கேட்காதவள் என்று நினைத்தாரோ என்னவோ.

ரொஷேல் அசையவில்லை. "அந்த லொறிதான் என்னைப் படிப்பிச்சது. அதிலதான் போவேன்" என்றாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

லொறி ஓட்டுவது அவர். துறைமுகத்தில் சாமான் ஏற்றி ஊரெல்லாம் கடைகளுக்கு இறக்குவார். ஆனால் அந்த லொறியின் சக்கரங்களுக்கு, எங்கள் பேச்சில் சில்லுகளுக்கு, பொறுப்பு நான். சில்லை இறுக்கிப் பிடிக்கும் நட் ஒவ்வொன்றின் மேலும், நட்டிலிருந்து சில்லு வரைக்கும், சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு கோடு இழுத்து வைப்பேன். நகத்துக்குப் பூசும் அதே கியூடெக்ஸ்தான். கோடு நேராக இருந்தால் நட் இருந்த இடத்தில் இருக்கிறது. கோடு உடைந்து ஒரு பாதி அங்கே, ஒரு பாதி இங்கே என்று நின்றால் நட் சுற்றியிருக்கிறது, லொறி அசையக்கூடாது. இதைப் பார்த்துச் சிரிக்காத டிரைவர் கொட்டாஞ்சேனையில் இல்லை. சிரிக்கட்டும். பல்லு அவர்களுடையது.

சிரிக்காதவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் ட்ரம்பெட் ஊதும் பீற்றர். வத்தளையில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் போன ஒரு லொறியிலிருந்து கழன்ற சில்லு தனியே உருண்டு வந்து அவருடைய இடது காலை முறித்துவிட்டுப் போனது. "சத்தமே இல்லை இமெல்டா, பூனை மாதிரி வந்தது" என்று இன்றைக்கும் சொல்வார். ஊன்றுகோல் இல்லாமல் அவரால் நடக்க முடியாது. ஊதுவதற்கு மட்டும் எந்தக் கோலும் வேண்டாம்.

கல்யாணக் காலையில் ஒழுங்கையே லொறியைச் சுற்றி நின்றது. முன்கண்ணாடிக்கு மல்லிகைச் சரம், பின்னால் பெட்டி முழுக்க வாழையும் தோரணமும். நான் குனிந்து சில்லுகளைத்தான் பார்த்தேன். நாலு பக்கமும் வெள்ளி நிறத்தில் பளபளவென்று மின்னின. என் கோடு ஒன்றையும் காணோம்.

"எப்படி அண்ணி? நேத்து எல்லாச் சில்லையும் கழட்டிப் பெயின்ட் அடிச்சேன்" என்றான் டிலான், என் புருஷனின் தம்பி. நாற்பது வயதில் கராஜ் வைத்திருப்பவன், பெயின்ட் டப்பாவைக் கண்டால் பச்சைப்பிள்ளை.

"என்ட கோடு எங்க?"

"கல்யாணத்துக்கு அழகா இருக்க வேணாமா? உள்ளுக்கு, வெளியில, நட் இருக்கிற இடம், எல்லாம் ரெண்டு தரம் அடிச்சேன். அண்ணனும் நானும் ஏறி மிதிச்சு இறுக்கினது. இனி யானை வந்தாலும் கழட்ட ஏலாது."

அவனை அந்த இடத்திலேயே வெளுத்திருப்பேன். பட்டுச்சேலை தடுத்தது. வீட்டுக்குள் ஓடி, ரொஷேலின் விரலுக்குப் பூசிக்கொண்டிருந்த கியூடெக்ஸ் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அலங்காரம் செய்ய வந்த பெண் பின்னாலேயே கத்தினாள், "அன்ட்டி, இன்னும் ஒரு கை இருக்கு!" ஒரு கை போதும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சில்லுச் சில்லாகக் குனிந்து கோடு இழுத்தேன். கொட்டாஞ்சேனையே பார்த்துச் சிரித்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு தரம் நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கினேன். சில்லைக் கழற்றிப் பூட்டினால் கொஞ்சம் ஓடிவிட்டுத் திரும்ப இறுக்குவது அவருடைய வழக்கமும்தான். ஆனால் அன்றைக்கு அவர் இடுப்பில் வாழ்க்கையில் முதல்முறையாக வேட்டி. அவருடைய கவனம் முழுக்க அங்கேதான் இருந்தது.

புறப்பட்டோம். முன் சீட்டில் அவர், நடுவில் ரொஷேல், ஓரத்தில் நான். பின்னால் பீற்றரின் பேண்ட், டிலான், சொந்தக்காரர், அவர்களுடைய பிள்ளைகள், எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். ஒழுங்கை முனை திரும்புவதற்குள் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டன. புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகள் கைதட்டினார்கள். தம்பிலி இளநீர் விற்கும் ஒரு வண்டிக்காரர் சும்மா நின்றபடியே ஆடினார். என் மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, இந்த லொறிக்காக நான் வாங்கிய அத்தனை பேச்சும் சரிதான் என்று பட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

புறக்கோட்டை நெரிசல்தான் எங்களைக் கெடுத்தது. காலிமுகத்திடலைத் தாண்டும்போதே போன் அலறியது.

"எங்க நிக்கிறியள்?" நாகேந்திரம் ஐயாவின் குரல் உச்சத்தில் இருந்தது. "மாப்பிள்ளை வந்து வாசல்ல காருக்குள்ள இருக்கிறான். பொம்பிளை வீட்டுக்காரர் வந்து வரவேற்காமல் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு தெரியுந்தானே? தலைப்பாகையோட அவிஞ்சு போறான் பிள்ளை!"

"வந்துட்டம் ஐயா, வந்துட்டம்."

கொள்ளுப்பிட்டிச் சந்தி வந்தது. என் புருஷன் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, நிப்பாட்டுங்க."

"இன்னும் கொஞ்சத் தூரந்தானே இமெல்டா. வெள்ளவத்தைக்குப் போய்ப் பாப்போம். அந்த மனுஷன் கோவத்தில இருக்கிறார், இண்டைக்கு நேரம் தப்பினா உன்ட மகள் காலம் முழுக்கப் பேச்சுக் கேப்பாள்."

அது உண்மை. நேரம் தப்பினால் அந்த வீட்டில் ரொஷேல் வைக்கும் முதல் காலடியே பிழையாகிவிடும். பின்னாலோ பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம். டிக், டிக், டிக். பைலாவுக்குள் அது கலந்திருந்தது, ஆனால் தாளத்தோடு சேரவில்லை.

ரொஷேலும் கேட்டிருக்கிறாள். கியூடெக்ஸ் பூசாத கையை நீட்டி, எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"டாடி, ஓரங்கட்டுங்க. லேட்டாப் போனா ஏச்சுத்தான் விழும். வாங்கிக்கிறேன்."

நின்றோம். நான் குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். வலது பக்கப் பின்சில்லில் ஒரு கோடுகூட நேராக இல்லை. சிவப்பெல்லாம் இரண்டாக உடைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. என் புருஷன் குனிந்து ஒரு நட்டைத் தொட்டார். ஸ்பனர் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலுக்கே சுற்றியது.

பேண்ட் தானாக நின்றுபோனது. பீற்றர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். தன்னுடைய ட்ரம்பெட்டை வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கீழே விடத் தொடங்கினார். நான் கீழே நின்று அவர்களை வாங்கி நடைபாதைக்கு நகர்த்தினேன்.

"டிலான், நட்டுக்கு அடியில பெயின்ட் மெத்தை மாதிரிக் கிடந்திருக்கடா" என்றார் என் புருஷன். "ஓட ஓட அது நசிஞ்சு போச்சு. நட்டுக்குப் பிடி இல்லை."

டிலான் ஸ்பனரோடு வந்தான். "திரும்ப இறுக்கிட்டு மெல்லமாப் போவோமா அண்ணே?"

அவர் ஒரு கணம் வீதியைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். "இல்லை. கழட்டி, சுரண்டி, திரும்பப் பூட்ட வேணும். அதுவரைக்கும் ஆள் ஏறாது. ஆரும் ஏறாது."

அந்த மனுஷனைக் கட்டியதற்காக அன்றைக்கு நடுவீதியில் பெருமைப்பட்டேன்.

"அப்ப எப்படிப் போறது?" என்று யாரோ கேட்கும்போதே ரொஷேல் மணப்பெண் கோலத்தில் நடைபாதை ஓரத்தில் நின்று கையை நீட்டிவிட்டாள். வெள்ளவத்தைப் பக்கம் போகும் சிவப்பு பஸ் ஒன்று, நெற்றிச்சுட்டியும் மாலையுமாக நிற்கும் பயணியைக் கண்டு கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் வாயைப் பிளந்தார். அடுத்த நொடி எங்களைவிட அவருக்குத்தான் அவசரம்.

"நகின்ன, நகின்ன! மனாலி இஸ்ஸரஹட்ட!" என்று சிங்களத்தில் எங்களை ஏறவும் மணப்பெண்ணை முன்னால் போகவும் சொல்லிக் கத்தி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பினார். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். பேண்ட் ஏறியது, வாழைக்குலை ஒன்று ஏறியது, பித்தளைச் செம்பும் தாம்பாளமும் ஏறின. டிலானை மட்டும் சுரண்டுவதற்கு லொறியோடு விட்டோம். நான் காசை நீட்டினேன். "சல்லி எப்பா நோனா" என்று கண்டக்டர் கையைத் தள்ளிவிட்டார், அவருக்கு வேண்டியது பாட்டுத்தான். பம்பலப்பிட்டி வருவதற்குள் பஸ் முழுக்கப் பாடியது. மரக்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மா எழுந்து ஆடினார். என் புருஷன் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு ஆடினார். டிரைவர் ஹோர்ன் அடித்தே தாளம் போட்டார். வழியில் இறங்க வேண்டிய இரண்டு பேர் இறங்கவே இல்லை.

மண்டப வாசலில் பஸ் நின்றபோது நாகேந்திரம் ஐயாவின் முகம் நெருப்பாக இருந்தது. நாதஸ்வரக்காரர் ஊத மறந்து எங்களைப் பார்த்தார். காருக்குள்ளிருந்து தேனுஜன் தலைப்பாகையோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன இது? லொறிதான் எண்டியள், இப்ப பஸ்ஸோ?" என்றார் ஐயா.

என் புருஷன் கையை விரித்துக் காட்டினார். அந்த நட் அதற்குள் இருந்தது, உடைந்த கோட்டின் ஒரு பாதியோடு. "இது என்ட விரலுக்குச் சுத்தினது, ஐயா. நேத்து ஏறி மிதிச்சு இறுக்கினதுதான். ஒரு தரம் இறுக்கினாப் போதாது, கொஞ்சம் ஓடினாப்பிறகு திரும்பவும் பாக்கணும். நின்டு பாத்தம். அதுதான் லேட்."

ஐயா நட்டைப் பார்த்தார். பஸ் படியில் பீற்றர் ஊன்றுகோலோடு நின்று சின்னப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஐயா அதையும் பார்த்தார். நெருப்பு அணைந்ததைக் கண்ணால் கண்டேன்.

"இவ்வளவு பிள்ளையளும் அதிலயோ வந்தவை?" என்றார் மெதுவாக. பிறகு படியடிக்குப் போய், கடைசிப் பிள்ளையைத் தன் கையாலேயே இறக்கினார். "நேரம் இன்னும் கிடக்கு. வாங்கோ, வாங்கோ எல்லாரும்!"

எங்கள் செம்பில் தண்ணீர் நிரப்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போனோம். பஸ் கண்டக்டரும் ஒரு வடையோடுதான் திரும்பினார்.

முகூர்த்தம் தப்பவில்லை. எங்கள் பக்கத்துச் சனம் தாலிக்கு முடிச்சுப் போடுவார்கள் என்றே நினைத்திருந்தது. யாழ்ப்பாணத்தாரின் தாலிக்கொடி தடித்த பொன் சங்கிலி. கழுத்துக்குப் பின்னால் ஒரு திருகாணி, அதைத் திருகித்தான் பூட்ட வேண்டும். தேனுஜனின் விரல் வழுக்கியது. கெட்டிமேளம் காதைப் பிளக்க, ஒருவழியாகப் பூட்டி முடித்தான். முன்வரிசையில் என் புருஷன் தன்னை அறியாமல் கையைத் திருகித் திருகிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இடித்து உட்கார வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில், குறைந்த நட்டுக்குப் புதிது ஒன்று வாங்கிப் பூட்டிக்கொண்டு, டிலான் லொறியோடு வந்து சேர்ந்தான். சில்லெல்லாம் சுரண்டிச் சொறி பிடித்ததுபோல் இருந்தன. அவ்வளவு அழகான சில்லை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக் கோடு இழுத்துவிட்டு, போத்தலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

மகளை விட்டுப் புறப்படும் நேரம். அதுவரை ஒரு சொட்டு அழவில்லை நான். தேனுஜன் தனியாக என்னிடம் வந்து, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரகசியம்போலச் சொன்னான்.

"மாமி, சாப்பிட்டு முடிஞ்சு ரொஷேலின்ர திருகாணியை ஒருக்கா இறுக்கிப் பாத்தனான். கொஞ்சம் சுத்திச்சுது. இப்ப சரி."

அப்படியே அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் தலைப்பாகை கழன்று விழுந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. கைப்பைக்குள் கியூடெக்ஸ் போத்தல் இருந்தது, அதை எடுக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கோடு வேண்டியதில்லை.