இரண்டாவது பெட்டி

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவர் அடுத்த வேலையில் சேர்ந்துவிட்டார். சம்பளம் கிடையாது. இரும்பு வார்ப்பாலையில் மர அச்சு செய்த கை இப்போது மருத்துவமனைக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்தது. உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான பெட்டிகள். சபையின் மாலை வகுப்பில் வேதம் படித்து, வார்டுகளில் ஜெபிக்க அனுமதியும் வாங்கியிருந்தார். பெட்டியைக் கொடுப்பார். கேட்டால் ஜெபிப்பார். கேட்காவிட்டால் கதவருகே நிற்பார். ஊழியம் என்று அவர் சொன்னது இவ்வளவுதான்.

ஒவ்வொரு மூடியிலும் ஏதாவது செதுக்கியிருப்பார். இலை, குருவி, தூங்கும் ஆட்டுக்குட்டி. வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வரைந்த படத்துக்கு மரம் அறுத்தவருக்கு, மனதில் தோன்றியதைச் செதுக்குவது இப்போதுதான் வாய்த்தது. எதற்கான பெட்டி என்று தெரிந்தும் உளி பிடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"மத்த வீட்டுல ரிடையரானவங்க காலை நீட்டி டிவி பாக்கறாங்க. இங்க சாப்பாட்டுலகூட மரத்தூள்," என்பாள் மனைவி. "உங்க கர்த்தர்கிட்ட சொல்லி எனக்கொரு விளக்குமாறு வாங்கிக் குடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போய், இந்த முறை வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பட்டறை அறைக்குள் வந்து அலமாரியில் இருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இருக்கறதைக் குடுத்திருங்க. எனக்குப் பொறக்கற வரைக்கும் புதுசா செய்யாதீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னடி குட்டி சம்பந்தம்? விசுவாசம்னு ஒண்ணு..."

"பைபிளை எடுக்காதீங்க. சம்பந்தம் இல்லைன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் பயமா இருக்கு. பிரசங்கியாரா பேசாம அப்பாவா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சரி, செய்யலை."

"நெசமா?"

"சொன்னா சொன்னதுதான் போ."

அலமாரி சீக்கிரமே காலியானது. பிறகு ஒரு நாள் காலை வார்டு சிஸ்டர் போன் செய்தாள்.

"ஐயா, பெட்டி ஒண்ணுகூட இல்லையா? இங்க ஒரு குழந்தையை குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில வெச்சிருக்கோம். அந்தத் தகப்பன் அதையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. என்னால அந்தப் பக்கம் போக முடியலை."

மதியம்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு பலகைகளைச் சேர்த்து இறுக்கி ஒன்றாக அறுப்பதுதான் அவர் பழக்கம். அப்போதுதான் மூலைகள் பிசகாமல் வரும். அதனால் ஒன்று செய்தால் இரண்டு வரும். முதல் பெட்டியைப் பாலிஷ்கூடப் போடாமல் அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாவது மிஞ்சியது.

அதை உடைத்துப் போட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. மூடியில் ஒரு குருவியைச் செதுக்கினார். மூன்று பூச்சு பாலிஷ் போட்டார். பழைய துணியில் சுற்றிப் பலகைகளுக்குப் பின்னால் வைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பொறந்தப்புறம் சொல்லிக்கலாம்."

"நல்லா இருக்கு உங்க ஊழியம்."

மாதம் நிறைந்து, மகளுக்கு வலி வந்து, பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அழவில்லை.

அவரும் மனைவியும் போனபோது வார்டு வாசலிலேயே சிஸ்டர் நின்றிருந்தாள். "ஐயா, எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. உங்ககிட்ட ஒண்ணு..." அவளுக்குப் பின்னால் மேசைமேல் அட்டைப்பெட்டி தயாராக இருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் துணியைப் பிரித்தார்.

மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைதான் பெட்டியை அவரிடமிருந்து வாங்கிக் கட்டில்மேல் வைத்தார். மாப்பிள்ளைக்கு யாரையாவது தேற்ற வேண்டியிருந்தது.

"பாரும்மா. மாமா போன வேகத்துல செஞ்சு எடுத்துட்டு வந்துட்டாரு. குருவியெல்லாம் போட்டு."

இல்லை, இது முன்பே செய்தது என்று சொல்ல மாமனாருக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை.

மகள் குனிந்து மூடியை முகர்ந்து பார்த்தாள். பட்டறையில் தவழ்ந்து வளர்ந்தவள். புதுப் பாலிஷ் கண்ணைக் கரிக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாசனையே இல்லையேப்பா."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்ப செஞ்சீங்க?" என்றாள் மகள்.

"வேற ஒரு குழந்தைக்கும்மா. அட்டைப்பெட்டியில வெச்சிருந்தாங்க. நான் ரெண்டு ரெண்டாதான் அறுப்பேன், உனக்கே..."

"எப்பப்பா?"

"போன மாசம்."

"அப்ப இவ உள்ள உதைச்சிக்கிட்டு இருந்தா."

கொடி சுற்றியதற்குப் பெட்டி காரணமில்லை. அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் கதவுகிட்ட நிக்கறீங்க. எனக்கு இது ஒண்ணு செஞ்சிருக்கலாம்."

"குட்டி..."

"அட்டையில வைக்க மனசு வரலை. அதனால இதுல வைக்கறேன். நீங்க ஜெபம் பண்ண வேணாம்."

அவளே குழந்தையை உள்ளே கிடத்தினாள். பெட்டி சற்றுப் பெரிதாக இருந்தது. தன் சால்வையை மடித்து இரண்டு பக்கமும் திணித்தாள். கன்னத்தைத் தொட்டாள். வெகுநேரம் கழித்து மூடியை எடுத்து வைத்தாள். அவர் பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தார். அவள் கையை நீட்டினாள்.

"உனக்கு வராதும்மா. நான்..."

"குடுங்க."

கொடுத்தார். அவள் ஒவ்வொரு திருகாக முறுக்கினாள். முதலாவது கோணலாக ஏறி, பாலிஷைச் சுரண்டி, மரத்தைக் கீறியது. அடுத்ததும் அப்படியே. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா இருக்கட்டும்," என்றாள் நிமிராமலே. "நீங்க கிளம்புங்கப்பா."

அவர் வெளியே வந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் கதவருகே நின்றார். உள்ளேயிருந்து மாப்பிள்ளை எழுந்து வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், கதவைச் சாத்தினார்.