திருப்பிக் கொடுக்க வேண்டிய தூண்டில்

எட்டரை அடித் தூண்டில்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். கடைக்காரர் விளக்கம் சொல்வதோ என் கணவர் சேனாபதிக்கு. தூண்டில் எனக்குத்தான் என்று சொல்லியாயிற்று. அந்த மனிதர் தாடிக்குள் சிரித்து, தலையாட்டி, மறுபடியும் இவர் பக்கமே திரும்பிக்கொண்டார். "நீங்க எந்த ஆத்துக்குப் போறீங்க?" என்று இங்கிலீஷில் இவரிடம் கேட்கிறார். இவருக்கு எந்த ஆறு தெரியும்? ஹைவே 101 தெரியும், 880 தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் லிவர்மோர் கோயிலுக்குப் போகிற 680 தெரியும். "அமெரிக்கன் ரிவர், சாக்ரமெண்டோ பக்கம், ஸ்டீல்ஹெட்டுக்கு. அக்டோபர்ல சால்மனுக்கும் அதே ராடு வேணும்" என்று நான் சொன்னேன். கடைக்காரர் அதையும் இவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூண்டிலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். சான்டா கிளாராவுக்கு வந்த பிறகு வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தருகிற எச்-ஃபோர் விசாவில் சாம்பார் வைத்துக்கொண்டு, மகள் ரக்ஷாவை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருக்கிறேன். சேனாபதிக்குக் கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாம் வருஷத்துக்குத் தயார் பண்ணுகிற ஒய்-டு-கே வேலை, சனிக்கிழமையும் ஆபீஸ். அடுத்த வீட்டு கேரல், ரிட்டையரான நர்ஸ், போன அக்டோபரில் ஒருநாள் சும்மா துணைக்கு வா என்று ஆற்றுக்குக் கூப்பிட்டாள். போனேன். அவளுடைய இரண்டாவது கோலைக் கையில் கொடுத்து இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. ஆனால் சாயங்காலம் வரை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சாவி எங்கே, சாக்ஸ் எங்கே, ராத்திரிக்கு என்ன என்று ஒரு குரல் இல்லை. தண்ணீர், நூல், நான். திரும்பி வரும் வழியில் காரில் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் போனேன். ஸ்டீல்ஹெட் என்பது ட்ரௌட் வகை. சால்மன் மாதிரியே கடலுக்குப் போய்விட்டு முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற மீன். பண்ணையில் பொரித்து விட்டதை வைத்துக்கொள்ளலாம், ஆற்றிலேயே பிறந்ததைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் பெயரில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மீன் பிடிக்க அனுமதி உண்டு. இதைச் சொன்னபோது கேரல் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் கேரலுடைய தங்கை ஆரெகனிலிருந்து வந்து அவளோடு தங்கிவிட்டாள். இரண்டாவது கோல் தங்கைக்குப் போய்விட்டது. அதனால்தான் கடைக்கு வந்தோம். எதை வாங்க வேண்டும் என்று கேரல் சொல்லி அனுப்பியிருந்தாள். சால்மன் பெரிய மீன், அதற்குக் கோல் கெட்டியாக இருக்க வேண்டும்; ஸ்டீல்ஹெட் தொடுவது தெரிய வேண்டுமானால் நுனி மெல்லிசாக இருக்க வேண்டும்; இரண்டு கோல் வாங்க வசதியில்லாதவர்கள் நடுத்தரமாக ஒன்று, எட்டரை அடிக்குக் குறையாமல் வாங்கினால் இரண்டுக்கும் ஓடும். நான் கையில் வைத்திருந்தது அதேதான். கடையிலேயே விலை குறைந்த வரிசையில் இருந்துதான் எடுத்தேன். லேசாக ஆட்டினால் நுனி மட்டும் துடித்தது, அடி அசையவில்லை. இதுதான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"இப்ப என்ன ஷ்யாமா அவசரம்?" என்றார் சேனாபதி. "நாலு பேர விசாரிச்சுட்டு வாங்கலாம். சேல் வரும்."

"யாரை விசாரிப்பீங்க? நம்ம ஆளுங்கள்ல யாரு மீன் பிடிக்கிறா?"

"கோபாலசாமி சாரைக் கேப்போம்."

கோபாலசாமி எங்கள் வட்டாரத்தில் எல்லாப் பொருளுக்கும் அத்தாரிட்டி. வேன் வாங்குவதா, வேக்கூம் க்ளீனர் வாங்குவதா, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் எங்கள் ஆட்கள் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். அந்த ஞாயிறு லிவர்மோர் கோயிலில் தரிசனம் முடித்து, கையில் புளியோதரைத் தட்டோடு நின்றவரிடம் இவர் விஷயத்தை எடுத்தார். கோயில் வாசலிலா இந்தப் பேச்சு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கோபாலசாமிக்கு அதெல்லாம் இல்லை.

"குச்சில என்னய்யா இருக்கு? ஸ்டிராங்கா இருக்கணும், அவ்ளோதான். நீளமா வாங்கினா கார்ல வைக்க முடியாது. செட்டா வரும் பாரு, ரீல், டப்பா எல்லாம் சேத்து. அத வாங்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? பேசாம சுலோக க்ளாஸ்ல சேரு" என்றார். வாழ்நாளில் நெத்திலியைக்கூடக் கிட்டப் பார்த்திராத மனுஷர். "சரி அங்கிள்" என்றேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல முடிகிறது இவர்களிடம்?

ஜனவரி முதல் வாரம் சேனாபதி ஆபீஸிலிருந்து வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. முகமெல்லாம் வெற்றி. பிரித்தால் ஆறடிக் கோல், ரீல், மஞ்சள் கலரில் ஒரு டப்பா. கோலை ஆட்டிப் பார்த்தேன். விறகுக்கட்டை மாதிரி இருந்தது.

"இது கப்பல்லேர்ந்து சுறா பிடிக்கிறது. நான் பாத்து வச்சது எட்டரை அடிங்க."

"அட, ரெண்டும் தூண்டில்தானே! இதுல டப்பா ஃப்ரீ. அந்தக் கடைல கேள்வியே கேக்காம திருப்பி எடுத்துப்பான். கைப்பிடில இருக்கற பிளாஸ்டிக்க மட்டும் பிரிக்காத. ஸ்டிக்கரையும் கிழிச்சிடாத. சீசன் முடிஞ்சதும் ரிட்டர்ன் பண்ணிடலாம்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஊருக்குப் போகும்போது வீடியோ கேமரா வரும். ஊரிலிருந்து வந்ததும் கடைக்குப் போகும். குளிருக்கு ஹீட்டர் வரும், வெயிலுக்கு முன்னால் போய்விடும். யோசெமிட்டி மலைக்கு எடுத்துப்போன கூடாரத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கம்பெனிக்காரன் மடித்த மாதிரியே மடிப்பதில் சேனாபதியை யாராலும் மிஞ்ச முடியாது. சோபாவுக்கு உறை, ரிமோட்டுக்கு உறை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

"டாட், தட்ஸ் சீட்டிங்" என்றாள் ரக்ஷா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சீட்டிங் இல்லடா, பாலிசி" என்றார் இவர்.

"எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான்" என்றேன். "ஒரு நாளும் நகை கேட்கல, புடவை கேட்கல. இதையும் திருப்பிக் குடுத்துடணுமா? என் ஆசைக்குக்கூட ரசீது வேணுமா உங்களுக்கு?"

"என்ன ஷ்யாமா, இதப்போய் இவ்ளோ பெருசா எடுத்துக்கற? உனக்கு ரெண்டு மாசத்துல போரடிச்சிடும். அப்ப வேஸ்ட்தானே?"

அதுதான் விஷயம். பணம் ஒரு காரணமே இல்லை. நான் எடுத்ததற்கும் இவர் வாங்கியதற்கும் இருந்த விலை வித்தியாசத்தில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு ஆகாது. நான் இதை விட்டுவிடுவேன் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். ரக்ஷா தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ளாஸ்கில் காபி. கேரல் தன் பிக்கப் வண்டியில் முன்னால் போக, நாங்கள் பின்னால். ஆற்றங்கரையில் காரை நிறுத்தியதும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இந்தியாவிலிருந்து வந்த வாரப்பத்திரிகையைப் பிரித்துவிட்டார். "ஜாக்கிரதை. ஸ்டிக்கர் நனையாம பாத்துக்கோ" என்றார். ஆற்றில் நின்றுகொண்டு!

கேரல் கோலைப் பார்த்தாள், பிளாஸ்டிக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதைக் கிழித்துப் போடு என்றாள். முடியாது என்றேன். ஏன் என்றாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே சொல்ல முடியவில்லையே. அவள் அதற்குமேல் கேட்காமல், கரண்டி மாதிரி வளைந்து மின்னும் தகட்டை நூல் நுனியில் கட்டிக் கொடுத்தாள். அவள் கொடுத்த, காலணியும் சேர்ந்த ரப்பர் கால்சட்டையை மார்பு வரை இழுத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

முதல் வீச்சிலேயே தெரிந்துவிட்டது. நூல் பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. கேரலுடைய கோலில் வீசினால் தகடு கூழாங்கல்லில் உரசுவதுகூட விரலுக்கு வந்து சேரும். இதில் மரத்துப்போன கைதான். தூறல் வேறு ஆரம்பித்தது. பிளாஸ்டிக்குக்கும் தக்கைக் கைப்பிடிக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி, உறை வழுக்கிக்கொண்டு சுற்றியது. வீசினேன், இழுத்தேன், வீசினேன். மனசுக்குள் கோபாலசாமியையும் டப்பாவையும் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்த ஆற்றில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நிம்மதி ஒரு சொட்டு இல்லை. காரில் இருந்த மனிதர் என்னோடு தண்ணீருக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

குளிரில் விறைத்த இடது கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் அடிக்கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தேன். அப்போது அடித்தது. இழுப்பு என்று சொன்னால் போதாது. யாரோ கையைப் பிடித்து வெடுக்கென்று பறித்த மாதிரி. ஆற்றின் நடுவில் ஸ்டீல்ஹெட் எழும்பியது. வெள்ளி வயிறும் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோல் என் கையைவிட்டுப் போயிற்று. தாவினேன். வழுக்கி முழங்காலில் விழுந்து, தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. கேரல் பின்னால் வந்து தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் நானும் கோலோடு போயிருப்பேன். கையை விரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது, ஸ்டிக்கரோடு, கசங்காமல்.

சேனாபதி கார் கதவைத் திறந்துபோட்டு, கல்லில் தடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். என் கையைப் பார்த்தார்.

"ஐயையோ! கவர வச்சுக்கிட்டு எப்படி ரிட்டர்ன் பண்றது?"

எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போர்த்தினார். நிஜமாகவே பயந்திருந்தார். "அடிபட்டுச்சா? எங்க, காட்டு. போனது போகட்டும், விடு. இனிமே இந்த வம்பே வேண்டாம். வா, வீட்டுக்குப் போலாம், சூடா ரசம் வச்சுக்கலாம்." கனிவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. கேமராவையும் கூடாரத்தையும் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே வரும்போது வருகிற அதே நிம்மதி. கோல் போனது அவருக்கு நஷ்டமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. என்னைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

"என்னது?"

"நீங்க வேணும்னா போங்க. நான் கேரலோட வந்துடறேன்."

"ஷ்யாமா, நனைஞ்சு தொப்பலா நிக்கற. பைத்தியமா உனக்கு? ஜுரம் வந்தா யாரு பாக்கறது? இப்ப கிளம்பினாதான் டிராஃபிக் இருக்காது."

கேரலுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தன் கோலை என் பக்கம் நீட்டினாள். கைப்பிடித் தக்கை அழுக்கேறிக் கறுத்து, அவள் விரல்கள் அழுத்திய இடமெல்லாம் குழிந்திருந்தது. வாங்கிக்கொண்டேன். ஸ்வெட்டரைக் கழற்றி இவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் முதலில் கணுக்காலைப் பிடித்தது, பிறகு முழங்காலை. உடம்பு உதறியது. இடுப்பளவுக்குப் போய் நின்று, கோலைப் பின்னால் சாய்த்து வீசினேன். நூல் வெகுதூரம் போய், எதிர்க்கரை நிழலில் சத்தமில்லாமல் இறங்கியது. பின்னால் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே ஏறிக்கொண்டு சாத்தினாரா, வெளியே நின்றுகொண்டு சாத்தினாரா தெரியவில்லை. இன்ஜின் சத்தத்துக்காகக் கொஞ்சம் காது கொடுத்தேன். ஆறு இரைந்துகொண்டிருந்தது. தகடு கற்களை உரசிக்கொண்டு கீழே போவது விரலில் தெரிந்தது. மெதுவாகச் சுற்றி இழுத்துக்கொண்டு, மறுபடியும் வீசினேன்.