மூன்றும் மூன்றரையும்

அமெரிக்காவின் மோபில் நகரத்துப் பொது டென்னிஸ் மைதானத்தில் அந்தச் சனிக்கிழமை வெர்னாவும் டார்சியும் ஜோடியாக ஆடி முதல் செட்டை ஜெயித்துவிட்டு, இரண்டாவதில் ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் வெற்றி. டார்சி சர்வீஸ் போட்டாள். இரண்டு பந்தும் வலையில். அடுத்ததும் அப்படியே. அதற்குப் பிறகு எல்லாம் சரிந்து, ஆட்டமே கைவிட்டுப் போனது.

எதிரில் ஆடிய ஓபல் அம்மாளுக்கு எழுபத்தோரு வயது. அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவள். கடைசிப் பந்து டார்சியைத் தாண்டிப் போனதும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ஓடி வந்து போட்டோ எடுத்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சீஸ் சாண்ட்விச்சும் இனிப்புத் தேநீருமாகக் கூடி நின்றபோது வெர்னா டார்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, வேணும்னே விட்டியா?"

"வெயிலுடி. கண்ணு கூசுச்சு."

"மேகம் போட்டிருந்துச்சு, டார்சி."

டார்சி சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

அவர்களுடைய டென்னிஸ் லீக்கில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் திறமையை அளந்து ஓர் எண் உண்டு. இவர்கள் இருவரும் ஒன்பது வருஷமாக 'மூன்று'; ஆனால் டார்சி மூன்றரையின் விளிம்பில் இருந்தாள். யார் யாரை எத்தனை கேம் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். டிசம்பரில் புது எண் போடும். மூன்றரைக்கு ஏறியவள் மூன்றாம் எண் அணியில் ஆட முடியாது.

"நான் மேல போயிட்டா உன்கூட ஆட முடியாதே," என்றாள் டார்சி. "எம் புருஷன் செத்த பிறகு வாரத்துல நான் வாய்விட்டுச் சிரிக்கிறது இந்த ஒரு நாள்தான்டி."

 போன மாதமே வெர்னாவுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். டார்சி பக்கத்தில் நிற்பது அவளுக்கும்தானே வேண்டியிருந்தது?

"ஓபல் அந்தப் போட்டோவ ஃப்ரேம் போட்டு மாட்டுவா," என்றாள் மெதுவாக. "நாம குடுத்த பிச்சைன்னு அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இனி அவ மூஞ்சிய எப்படிடி பாக்கறது?"

"சந்தோஷமாத்தானே இருந்தா..."

"என்னையும் நெனச்சுப் பாரு. உன் காலக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு. எனக்காகத் தோக்காத."

டார்சி வண்டியைக் கிளப்பினாள். அதற்குப் பிறகு பத்து நாள் போன் பண்ணவில்லை. பதினோராவது நாள் கூப்பிட்டு, "அடுத்த ஆட்டம் எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் அதே அணியோடு மறுபடி ஆட்டம். அன்றைக்குத்தான் டார்சியின் முழு ஆட்டத்தை வெர்னா பார்த்தாள். பந்து கோட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு பறந்தது. இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இவள்? பெருமையாகவும் இருந்தது, இனி எத்தனை நாள் என்ற ஏக்கமும் கூடவே வந்தது. ஆறு-ஒன்று, ஆறு-இரண்டு என்று ஜெயித்தார்கள். நடுவில் ஒரு தடவை ஓபல் அம்மாள் டார்சியின் தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கியடித்தாள். டார்சி விழுந்தடித்து ஓடியும் எட்டவில்லை.

"நெஜமாவே எட்டலடி," என்றாள் மூச்சிரைக்க.

"பாத்தேன்டி, பாத்தேன்," என்று வெர்னா அவள் முதுகில் தட்டினாள்.

ஓபல் அம்மாள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்படி நம்ம அடி?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

டிசம்பரில் டார்சிக்கு மூன்றரை வந்தது. வெர்னா மூன்றிலேயே இருந்தாள். போனில் இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு டார்சியின் புது அணிச் சட்டை ஆரஞ்சு நிறம் என்று தெரிந்ததும் சிரித்தார்கள்.

மார்ச்சில் டார்சியின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வெர்னா போய், முன்பின் தெரியாத பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். டார்சி உயிரைக் கொடுத்து ஆடி, இரண்டு செட்டும் தோற்றாள். முகமெல்லாம் சிவந்து வேலியோரம் வந்தாள்.

"நொறுக்கிட்டாளுங்கடி என்னை!"

"பின்ன? அந்த உயரமான பொம்பள சர்வீஸுக்கு ரெண்டடி பின்னால நில்லு."

"நாளைக்கு நீ வந்து போட்டுக் காட்டேன். எண்ணு கிண்ணு ஒண்ணும் வேணாம், சும்மா ஆடலாம்."

"காலைல ஏழு மணிக்கா?"

"எட்டு. சீக்கிரமா வந்தா எனக்கு முட்டி பிடிச்சுக்கும்," என்றாள் டார்சி, தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டியபடி.