கல்வெட்டுக்கு வைத்த உடம்பு

யோகராஜா லண்டனில் தன்னை யோகா ராஜ் என்று சுருக்கிக்கொண்டவன். மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பவன் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள். அதைக்கூட அவன் திருத்தவில்லை. 1997இல் ஒரு கண்காட்சி வைத்தான். ‘ஒரு சின்னத் தீவின் டிஜிட்டல் கலை’ என்று பெயர். இலங்கையருக்குள் கம்ப்யூட்டரில் படம் செய்தவர்களில் தானே முதல் ஆள் என்று அழைப்பிதழிலேயே அடித்திருந்தான். தம்பட்டத்துக்கு ஆள் வைக்கவில்லை, தானே அடித்தான்.

நான் செல்வமலர். 1990இல் இருந்து லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் வெட்டி ஒட்டியவள். ஊரில் யாராவது செத்தால் இங்குள்ள பிள்ளைகள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வருவார்கள். தேவாரமும் குடும்ப வரலாறும் உள்ள சிறு புத்தகம். அட்டையில் செத்தவரின் படம். சண்டைக்குள் இருந்து தப்பி வருவது பெரும்பாலும் அடையாள அட்டையில் இருக்கும் தலை மட்டும்தான். வெறும் தலையை அட்டையில் போட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சால்வை, சேலை, தோள், கை எல்லாம் நான்தான் கொடுத்தேன். இருநூறு பேருக்காவது உடம்பு கொடுத்திருப்பேன்.

கண்காட்சிக்கு இரண்டு வருடம் முந்தி யோகராஜா எங்கள் கடைக்கு வந்தான். என் வேலைகளை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். கண்காட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்வான் என்று ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

“அக்கா, இது செத்தவீட்டு வேலை. கலை எண்டு சொல்லேலாது.”

“அப்ப ஏன் பத்துக் கல்வெட்டை பைக்குள்ள வைக்கிறீர்?”

“ஆராய்ச்சிக்கு” என்றான்.

அந்த ஆராய்ச்சியின் முடிவைத் திறப்பு விழாவில் பார்த்தேன். நடுச் சுவரில் ஆளுயரத்துக்குப் பாலாம்பிகையின் அம்மா. 1991இல் மோர்டனில் இருந்து பாலாம்பிகை தபால்தலை அளவில் ஒரு முகம் கொண்டுவந்து, “எப்பிடியாவது ஒரு உடம்பு வையுங்கோ அக்கா” என்று அழுதாள். பொருத்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை. நான் என் சேலையை உடுத்தி, கதிரையில் உட்கார்ந்து, முதலாளியைக் கொண்டு படம் எடுப்பித்து, கழுத்துக்குக் கீழே என்னையே வைத்தேன். பேப்பர் வெட்டும் மெசினில் நசுங்கி வளைந்த இடது சின்னவிரல்கூட அப்படியே இருந்தது.

யோகராஜா செய்த கலை என்னவென்றால், எல்லாவற்றுக்கும் பச்சை நிறம் பூசி, குறுக்கே முட்கம்பி இழுத்து, ‘இழப்பு, எண் நான்கு’ என்று பெயர் வைத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

“அந்தத் தோள்களில் ஒரு தீவின் துயரமே இருக்கிறது” என்று ஒரு விமர்சகி ஆங்கிலத்தில் உருகினாள். அன்று அந்தத் தோள்களில் இருந்தது கோயில் திருவிழா நோட்டீஸ் நாலாயிரம் மடித்த வலி. யோகராஜா தலையைச் சரித்து, அந்தப் படத்தைத் தானே யாழ்ப்பாணத்தில் தேடிக் கண்டெடுத்ததாகச் சொன்னான். வாய் கூசவில்லை.

முன்னால் போய், படத்துக்குப் பக்கத்தில் என் கையை வைத்து, விரலைப் பாருங்கள் என்று சொல்வதுதான் என் திட்டம். ஏழு வருட வேலைக்கு அந்த ஒரு விரல்தான் சாட்சி. அவன் என்னைக் கண்டுவிட்டான். பேச்சை நிறுத்தி விமர்சகிக்குப் பின்னால் ஒதுங்கினான். எனக்கு அது போதாது, அவன் முகம் கறுக்க வேண்டும். கூட்டத்தை விலக்கி நடந்தேன்.

அப்போதுதான் பாலாம்பிகை வந்தாள். தமிழ்ப் பத்திரிகையில் படத்தைக் கண்டிருக்கிறாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று எண்ணி இரண்டு வெள்ளைக்காரர்களும் கழற்றினார்கள். அவள் நேரே போய்ப் படத்தின் கையைத் தடவினாள்.

“அம்மாவின்ர கை. இந்தக் கையாலதான் சீப்பெடுத்து எனக்குத் தலை இழுத்து விடுறவா.”

ஆறு வருடம் சாமியறையில் அந்த அட்டையைக் கும்பிட்டவள். உடம்பு கேட்டதே அவளுக்கு நினைவில் இல்லை. திரும்பி என்னைக் கண்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்களும் வந்தனீங்களே? அந்தச் சின்னவிரலைப் பாருங்கோ. அம்மாவுக்கு விரல் கோணல் எண்டதையே நான் மறந்துபோனன். பெத்த தாயின்ர விரலை மறக்கிற பிள்ளையும் இருக்குமோ?”

“இவ்வளவு காலம் போச்சுதெல்லே. எல்லாருக்கும் மறக்கும்” என்றேன்.

இடது கையைக் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டேன். பின்னால் யோகராஜா மூச்சு விட்டது கேட்டது.