எட்டாம் நாள் தேன்

சாகி ஊரில் தேன் என்றால் அடுனோலாதான். தம்பி கோலாபோவின் மகளுக்கு எட்டாம் நாள் பெயர் வைக்க, இரண்டு போத்தல் தேனை அவளே கொண்டுவந்திருந்தாள்.

உப்பு, தண்ணீர், செம்பனை எண்ணெய் என்று ஒவ்வொரு கிண்ணமாக விரலால் தொட்டு, குழந்தையின் உதட்டில் வைத்து வாழ்த்திக்கொண்டே வந்தார் பெரியப்பா அகன்பி. தேன் கிண்ணத்துக்கு விரல் போனதும் அடுனோலா அதைக் கையால் மூடினாள்.

“பெரியப்பா, தேன் மட்டும் பாப்பாவுக்கு வேண்டாம்.”

“என்னடி இது? உன் உதட்டுலயும் நான்தான் தேன் வெச்சேன். செத்தா போயிட்ட?”

பக்கத்து வீட்டு ரபியாத்து சிரித்தாள். “இத்தனை நாளா சர்க்கரைப் பாகைத்தான் எங்க தலையில கட்டுனியா? இருங்க, என்கிட்ட வேற போத்தல் இருக்கு, எடுத்துட்டு வரேன்.”

இந்தப் பேச்சு வரும் என்று அடுனோலாவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் வியாபாரம் பிழைக்கும். ஆனால் சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னது அவளைத் தூங்கவிடவில்லை. அந்த நர்ஸ் முன்பு வேலை பார்த்த ஊரில் தேன் நக்கிய ஒரு கைக்குழந்தை, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் துவண்டுபோனதாம்.

“உட்காரு ரபியாத்து. உன் தேனும் வேண்டாம், எந்தத் தேனும் வேண்டாம். தேன் ஏன் கெடுறதில்ல? அதுல எதுவும் முளைக்கிற அளவுக்கு ஈரம் இல்ல. ஆனா மண்ணுல இருக்கிற ஒரு கிருமியோட விதை அதுல கிடக்கலாம். காஞ்ச குதிர்ல சோளம் கிடக்கிற மாதிரி, சாகாம, முளைக்காம. எந்தப் போத்தல்ல இருக்குன்னு பார்த்தாத் தெரியாது.”

“அதைத்தானே நாங்களும் திங்கிறோம்?” என்றார் பெரியப்பா.

“நம்ம வயிறு புல் மண்டின காடு, புது விதைக்கு இடம் இல்ல. பாப்பா வயிறு இப்பத்தான் உழுது, தண்ணி விட்ட நிலம். விழுந்தா முளைச்சிடும், விஷம் கக்கும். ஒரு வயசு ஆகட்டும்.”

“காய்ச்சிக் கொடுத்தா?”

“தேனோட மணம்தான் போகும். விதை சாகாது.”

“அப்போ இவ வாழ்க்கையில இனிப்பே வேண்டாமா?” என்றார் பெரியப்பா.

குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் யெஜிடே நிமிர்ந்தாள். “பெரியப்பா, எட்டு நாளா இவளுக்கு எல்லாமே என் வழியாத்தான் போகுது. தேனை எனக்கு வைங்க.”

“அண்ணி, இதனால பால்ல எதுவும் போகாதே?” என்று யெஜிடே அடுனோலாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“போகாது. நர்ஸ்கிட்ட அதையும் கேட்டுட்டேன்.”

பெரியப்பா யோசித்தார். பிறகு தேனைத் தொட்டு யெஜிடேயின் நாக்கில் வைத்து, குழந்தையைப் பார்த்து அதன் புதுப் பெயரைச் சொல்லி, “அயோமிதே, உன் வாழ்வு இனிக்கட்டும்” என்றார். கிண்ணம் சுற்றிவந்தது. வழக்கமாக எல்லாரும் விரல் நுனியால்தான் தொடுவார்கள். அன்று ரபியாத்து இரண்டு விரலால் வழித்து நக்கினாள். கிண்ணம் காலியாகத் திரும்பியது.

“இவ பிறந்தநாளுக்கு நான்தான் தேன் வைப்பேன்” என்றார் பெரியப்பா, திறக்காத போத்தலைக் கையில் எடுத்து. “அதுவரைக்கும் தாங்குமா?”

“மூடி இறுக்கமா இருந்தாத் தாங்கும். திறந்து வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுப் புளிச்சிடும். உறைஞ்சா பயப்படாதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில வெச்சா இளகிடும்.”

அவர் அதை அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தார். அடுனோலா எடுத்து, அடுப்புச் சூடும் வெயிலும் படாத மூலைக்கு மாற்றினாள்.

“எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வை” என்றாள் ரபியாத்து வாசலிலிருந்து. “குழந்தைக்கு இல்லடி, எனக்கு.”