கரும்பச்சை மூலை

மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது லவீனா ரெபெல்லோவின் முதுகுக்குப் பின்னால் அவளுடைய அப்பா லுங்கியை அவிழ்த்து உதறிக் கட்டினார். அதை ஆபீஸே பார்த்தது. புனேயில் இருந்த சாயலி மட்டும் தணிந்த குரலில், "லவீனா, கேமராவை ஆஃப் பண்ணு, அங்கிள் டிரஸ் மாத்தறாரு" என்றாள். மற்றவர்கள் எதையோ எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

படுக்கையறையில் தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்.

மங்களூர் பெஜாயில் சின்ன வீடு அது. அப்பாவின் பெயர் காஸ்மீர். ஓட்டு ஃபேக்டரியில் மேஸ்திரியாக இருந்தவர். அம்மா போனபிறகு மறதி வந்தது. பிறகு மறதி அவரையே எடுத்துக்கொண்டது. கண் மறைந்தால் கேஸைத் திறந்துவிடுவார், இல்லையென்றால் வாசலைத் திறந்துகொண்டு போய்விடுவார். அதனால் அவர் கட்டில் இருக்கும் அறையிலேயே அவளும் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்தாள். அண்ணன் ரொனால்டு மஸ்கட்டில் இருந்தான். ஞாயிறு பூசை முடிந்து போன் பண்ணுவான்.

பெயின்டர் சஞ்சீவா கலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாயம்மா, இது பெட்ரூமுக்கு அடிக்கிற கலரா? பகல்லயே லைட்டு போடணும்." கிறிஸ்தவ வீட்டுப் பெண்களை அங்கே பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போட்டுக்கறேன். நீங்க அடிங்க."

கறுப்புக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நிற்கிற கரும்பச்சை. சுவர் காய்ந்ததும் அம்மாவின் தையல் மேசையைக் காப்பிக்கொட்டை நிறத்தில் பாலிஷ் போட்டு அங்கே கொண்டுவந்தாள். மேலே அதே நிறத்தில் ஒரு பலகை. ஹம்பன்கட்டாவில் கடை கடையாக ஏறி, கால் புதையும் கறுப்புக் கம்பளம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஜன்னலுக்குக் கனத்த பழுப்புத் திரை, மேசைமேல் மஞ்சள் வெளிச்சம் விழும் பித்தளை விளக்கு. கட்டிலை கேமராவுக்கு எட்டாத பக்கம் தள்ளினாள். விளக்கைப் போட்டு நாற்காலியில் சாய்ந்தபோது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, யாருக்கும் தெரியாத ஒரு பொந்தில் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குக் காப்பி ருசித்தது.

"ஹோட்டல்ல ரூம் எடுத்திருக்கியா?" என்று கேட்டாள் சாயலி.

"எங்க வீடுதான்" என்றாள் லவீனா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவர் படுக்கையை நனைக்கத் தொடங்கினார். அதுவரை பாத்ரூமுக்குத் தானாகவே போய்வந்தவர், இப்போது கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றார். காலையில் அவரைக் கவனித்துக்கொள்ள வரும் குலாபி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து அலுத்துவிட்டாள். வீட்டு ஐயாவை அவள் பொர்புளு என்றுதான் சொல்வாள்.

"பொர்புளு காலை எடுத்தே வைக்க மாட்டேங்கறாரு பாயம்மா. நாலடி வந்ததும் கட்டையா நின்னுடறாரு."

ஒருநாள் இரண்டு பேருமாக அக்குளில் கைகொடுத்து நடத்திப் பார்த்தார்கள். பாத்ரூம் போகும் வழியில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரம் வந்ததும் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. "பிடிவாதம் பிடிக்காதீங்க பப்பா" என்று லவீனா அதட்டினாள். மறுநாளிலிருந்து டயப்பர் கட்டினார்கள்.

நோய் அடுத்த படிக்கு இறங்குகிறது என்றார் டாக்டர். ரொனால்டு போனில், "கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹோம் ஒண்ணு இருக்கு, விசாரிச்சு வச்சிருக்கேன். நீ ஒருத்தியா எவ்வளவுதான் பார்ப்பே?" என்றான்.

"பார்க்கறேன் இன்னும் கொஞ்ச நாள்."

"இதைத்தான் போன வருஷமும் சொன்னே."

அப்புறம் அந்தப் புதன்கிழமை. வெளிநாட்டு மேலாளருக்கு அவள் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ உராயும் சத்தம். திரும்பினாள். அப்பா தரையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு கை கட்டில் காலைச் சுற்றியிருந்தது. கம்பளத்தின் ஓரத்தில் நெஞ்சை அழுத்தி, இன்னொரு கையை அவளை நோக்கிக் கீழே விடுவதுபோல நீட்டிக்கொண்டிருந்தார்.

"லவீ, கையைக் குடு. மெதுவா மேல வா. நான் பிடிச்சுக்கறேன்."

"பப்பா, எழுந்திரிங்க, மீட்டிங்ல இருக்கேன்."

"தண்ணி இருக்கா உள்ள? எவ்வளவு கூப்பிட்டேன், உனக்குக் கேட்கலையா? தினம் தினம் போய் விழறியே."

அவள் கம்பளத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வெள்ளைத் தரை நடுவே கறுப்பாக ஒரு பள்ளம். அதன் அடியில் மஞ்சள் விளக்கோடு இவள். இத்தனை நாளும் கட்டிலில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். விரலைப் பிரித்துப் பிரித்து அவரை இழுத்துப்போனதும் இதற்குள்தான்.

கேமராவை அணைக்க மறந்து நாற்காலியிலிருந்து இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முக்கி இழுத்தார். பலமே இல்லை. அவளே முழங்காலால் நகர்ந்து நகர்ந்து ஓரம் தாண்டி வந்தாள். அவர் அவள் தலையை, முழங்கையை, காலைத் தடவிப் பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல பப்பா."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும். போய் மாத்து." நனைந்திருந்தது அவருடைய லுங்கிதான்.

அன்றைக்கே கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டாள். அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் பயந்தார். திறந்து கிடக்கிறது, மூடு மூடு என்றார். திரும்ப வந்த சஞ்சீவா சுவரில் பட்டி பூசித் தேய்த்து, வெள்ளைமேல் வெள்ளையாக அடித்தார். மழைக்காலத்து ஈரத்தில் அடியிலிருந்து பச்சை கசிந்து கசிந்து மேலே வந்தது. பழுப்புத் திரையையும் கழற்றினாள். மேசை ஹாலுக்குப் போனது.

தரை முழுக்க வெளிச்சமான பிறகு அவரை எழுப்பி நிறுத்தினாள். "பாருங்க பப்பா, ஒண்ணும் இல்ல. வெறும் தரை. பாத்ரூம் போலாம், வாங்க."

அவர் பயப்படவில்லை. ஆனால் எதற்காக எழுப்பினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பாத்ரூம் வாசல்வரை கூட வந்தார், உள்ளே அழைத்தாள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லுங்கியை என்ன செய்வதென்று கை மறந்துபோயிருந்தது. தினம் அழைத்துப் போனாள். குலாபியும் அழைத்துப் போனாள். டாக்டரிடம் கம்பளத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "இந்த நோயில விட்டுப்போன பழக்கம் பெரும்பாலும் திரும்பறதில்ல" என்றார்.

"கம்பளம் போடாம இருந்திருந்தா?"

"இன்னும் கொஞ்ச நாள் போயிட்டு வந்திருப்பார். சொல்ல முடியாதும்மா."

ரொனால்டிடம் இதைச் சொல்லவில்லை. ஹோமில் இடம் காலியானால் சொல்லச் சொல்லியிருப்பதாக அவன் சொன்னபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்ததும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஒரு பொண்ணு விழுந்துட்டாளே, ஏத்திட்டாங்களா?"

"ஏத்தியாச்சு பப்பா."

"யார் ஏத்தினது?"

"நீங்கதான்."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "நானா? என்னால எங்க முடியும்" என்றார்.

அவள் இன்னொரு கரண்டி கஞ்சி எடுத்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஹாலில் மேசைமேல் லேப்டாப் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.